'பாஸ்': ஸ்கிரிப்டில் பாஸ்வேர்டு எழுதும் பழக்கத்தை நிறுத்த வைத்த கருவி

மூன்று வருடமாக என் லேப்டாப்பில் 'பாஸ்' இருக்கிறது. லினக்ஸ் கமாண்ட் லைனிலேயே ஓடும் இலவச பாஸ்வேர்டு மேனேஜர், எழுதியவர் வயர்கார்டு விபிஎன்னை உருவாக்கிய ஜேசன் டோனன்ஃபெல்ட். மொத்தமும் ஒரு பாஷ் ஸ்கிரிப்ட்தான், அதாவது கட்டளைகளை வரிசையாக எழுதிய ஒரு டெக்ஸ்ட் ஃபைல். ஒவ்வொரு பாஸ்வேர்டும் ஜிபிஜி என்ற என்க்ரிப்ஷன் மென்பொருளால் பூட்டிய தனி ஃபைலாக ஹோம் டைரக்டரியில் இருக்கும். நாமே திறந்து படித்துப் பார்க்கக்கூடிய கருவி என்பதால்தான் நம்பி இறங்கினேன்.

முன்பு வேலை பார்த்த இடத்தில் பேக்கப் ஸ்கிரிப்டுக்குள் டேட்டாபேஸ் பாஸ்வேர்டு அப்படியே எழுதியிருந்தது. ஏதோ பிழையைத் தேட ஒருவர், ஓடும் ஒவ்வொரு கட்டளையையும் அச்சிட்டுக் காட்டும் 'செட் -எக்ஸ்' போட்டுவிட்டு எடுக்க மறந்துவிட்டார். குறித்த நேரத்தில் ஸ்கிரிப்டைத் தானாக ஓட்டும் கிரான் ராத்திரி ஓடியபோது ஒவ்வொரு வரியும் பாஸ்வேர்டோடு அச்சாகி டீம் முழுக்க மெயிலில் போய்விட்டது. பாஸ்வேர்டை மாற்றி, அது வேறு எந்தெந்த ஸ்கிரிப்டில் ஒளிந்திருக்கிறது என்று தேடி முடிக்கவே ஒரு நாள் ஆனது.

இப்போது என் ஸ்கிரிப்டில் பாஸ்வேர்டை எடுத்துத் தரும் 'பாஸ் ஷோ' என்ற கட்டளையும் ஃபைல் பெயரும் மட்டும்தான் இருக்கும். ஆனால் ஒன்று, அதன் விடையை ஒரு வேரியபிளில் வாங்கி அடுத்த கட்டளைக்கு ஆர்க்யுமென்டாகக் கொடுத்தால் பழைய கதைதான், 'செட் -எக்ஸ்' போட்டால் தெரியும், ஓடும் புரோகிராம்களைப் பட்டியலிடும் 'பிஎஸ்' போட்டாலும் மாட்டலாம். நான் மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸுக்குத் தேவையான செட்டிங் வரிகளையே முழுசாக 'பாஸ்' உள்ளே வைத்து, ஓடும்போது அதை ஒரு ஃபைல் மாதிரி நேராக நீட்டிவிடுகிறேன், அச்சானாலும் வெறும் ஃபைல் பாதைதான் தெரியும்.

குறை இல்லாமல் இல்லை. உள்ளே இருப்பது மறைந்தாலும் ஃபைல் பெயர் மறையாது, எந்த வங்கியில் கணக்கு என்பது வரை லேப்டாப் கையில் கிடைத்தவருக்குத் தெரிந்துவிடும். இதைவிடப் பெரிய சிக்கல் கிரான். ஃபைல்களைப் பிரிக்கும் ஜிபிஜி சாவிக்கு ஒரு பாஸ்ஃபிரேஸ் (நீளமான பாஸ்வேர்டு) உண்டு, அதை ஜிபிஜி ஏஜென்ட் நினைவில் வைப்பது வழக்கமாக 10 நிமிடம்தான், அப்புறம் நடுராத்திரியில் யார் உட்கார்ந்து டைப் செய்வது? அதற்காகப் பாஸ்ஃபிரேஸ் இல்லாத சாவியை அதே சர்வரில் வைப்பவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம், பூட்டிலேயே சாவியைத் தொங்கவிட்டுப் போவது போல அது. ஆளில்லாமல் ஓடும் வேலை என்றால், லினக்ஸில் சர்வீஸ்களை இயக்கும் சிஸ்டம்டியின் 247ஆம் பதிப்பில் வந்த, ரகசியத்தை சர்வீஸிடம் ஒப்படைக்கும் 'லோட்கிரெடென்ஷியல்' செட்டிங்கைப் பாருங்கள். கையால் ஓட்டும் ஸ்கிரிப்ட் என்றால் யோசிக்காமல் 'பாஸ்' போடலாம்.