பி73 மக்காச்சோள விதை: தாய் வரிசையாக முதல் தரம், தனிப் பயிராக வேண்டாம்

அமெரிக்க வேளாண்மைத் துறையின் ஏம்ஸ் விதை வங்கியில் பி.ஐ. 550473 என்ற எண்ணில் இருக்கும் பி73, அயோவா மாநிலப் பல்கலைக்கழகம் 1972இல் வெளியிட்ட மக்காச்சோள இன்பிரெட், அதாவது தன் மகரந்தத்தையே தனக்குச் சேர்த்துப் பல தலைமுறை பெருக்கிய தூய வரிசை. 2009இல் வெளியான மக்காச்சோள மரபணுத்தொகுதி இதனுடையதுதான். ஆராய்ச்சிக்குச் சிறு பொட்டலமாக இலவசமாகத் தருகிறார்கள். இந்தியாவுக்குத் தருவிக்க, டெல்லியிலுள்ள தேசிய தாவர மரபணு வள நிறுவனத்தின் இறக்குமதி அனுமதி வேண்டும்.

விதைத்ததும் முதலில் தெரிவது மந்தமான வளர்ச்சி. பக்கத்துப் பாத்தியில் வீரிய ஒட்டு இருந்தால் அதன் உயரத்தை இது கடைசிவரை எட்டாது, கதிரும் சிறிது. முதல் நான்கைந்து வாரம் களை ஏறவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், நாற்றுக்குப் போட்டி போடும் தெம்பு கிடையாது. ஆனால் வரிசை முழுக்க ஒரே உயரம், ஒரே இலை அமைப்பு, ஒட்டிய நாட்களில் பூப்பு. காசு கொடுத்தாலும் சாதாரண ரகத்தில் இந்தச் சீர் கிடைக்காது.

இரண்டுக்கும் காரணம் ஒன்றே. தன் மகரந்தத்தையே தனக்குச் சேர்க்கும் ஒவ்வொரு தலைமுறையிலும் கலப்பு நிலையில் உள்ள மரபணு இணைகள் பாதியாகக் குறையும்: 50, 25, 12.5, 6.25 சதவீதம் என்று இறங்கி, ஏழாம் தலைமுறையில் ஒரு சதவீதத்துக்கும் கீழே போய்விடும். அதுவரை மறைந்திருந்த ஒடுங்கு மரபணுக் குறைகள் இணையாகச் சேர்ந்து வெளியே வரும். பச்சையமே இல்லாத வெள்ளை நாற்று, குள்ளச் செடி, கதிரே பிடிக்காத மலட்டுத் தட்டை எல்லாம் முதல் இரண்டு மூன்று தலைமுறையில்தான் அதிகம். பி73 இந்தச் சல்லடையில் தங்கிய வரிசை. இதன் நலிவை மட்டும் பார்த்து இந்தத் தன்கலப்பின் விளைவை எடை போடக் கூடாது. கழித்துக்கட்டப்பட்ட வரிசைகள் இதைவிட மோசமானவை. வகுப்பில் காட்ட விரும்புகிறவர்கள், பல வரிசைகளைக் கலந்து உருவாக்கிய ஏதாவது ஒரு கூட்டு ரகத்தைத் தன்கலப்பு செய்து அந்த விதையைப் பக்கத்து வரிசையில் போடுவது நல்லது.

வறட்சியில் பார்க்க வேண்டியது பட்டு இழை, அதாவது மகரந்தத்தை ஏற்கும் கதிரின் நுனி நூல்கள். ஆண் மஞ்சரி நேரத்துக்கு மகரந்தம் உதிர்த்துவிடும். உணவு போதாத இளங்கதிரில் பட்டு தள்ளிப்போகும். இடைவெளி கூடக் கூட மணி பிடிப்பது குறைந்து, கதிரின் நுனி மொட்டையாக நிற்கும். எந்த இன்பிரெட்டுக்கும் இது பொது. பூப்புக்கு முன்னும் பின்னும் தண்ணீரில் கை வைக்கக் கூடாது.

விதை பெருக்கும்போது பட்டு வெளிவருவதற்கு முன்பே இளங்கதிருக்கு உறை போட வேண்டும். ஒரே ஒரு இழை தலை காட்டியிருந்தாலும் அந்தக் கதிரை விட்டுவிடுங்கள். முதல் நாள் மாலை கதிர் நுனியை நறுக்கினால், மறுநாள் பட்டு தூரிகைபோல் சமமாக வளர்ந்திருக்கும். அதே மாலையில் அதே செடியின் ஆண் மஞ்சரிக்கும் பை கட்ட வேண்டும். மேலே ஒட்டியிருக்கும் அயல் மகரந்தம் காலைக்குள் செத்துவிடும். பனி உலர்ந்த பின் காலை வேளையில் பையைத் தட்டி மகரந்தத்தைப் பட்டில் கொட்டி, அதே பையால் கதிரை மூடித் தண்டோடு சேர்த்துப் பின் அடித்து, அறுவடைவரை விட்டுவிடலாம். வெயில் ஏறினால் மகரந்தம் தாங்காது. அயல் மகரந்தம் புகுந்திருந்தால் அடுத்த பருவத்தில் காட்டிக்கொடுத்துவிடும்: வரிசையில் ஓங்கி, தடித்து, அழகாக நிற்கும் செடிதான் கலவன். மனம் இளகாமல் பூப்புக்கு முன்பே பிடுங்க வேண்டும்.

இந்த விதையின் மதிப்பு கலப்பில்தான். 1908இல் அமெரிக்க மரபியலாளர் ஷல் இன்பிரெட்டுகளை இணைத்தால் வீரியம் திரும்பும் என்று காட்டியபோதும், தாய் வரிசைகள் கொடுத்த விதை மிகக் குறைவு. அதனால் நான்கு பெற்றோர் கொண்ட இரட்டைக் கலப்பில் பல பத்தாண்டு ஓடியது. தட்டை உறுதிக்காகத் தேர்ந்த 16 இன்பிரெட்டுகளிலிருந்து உருவாக்கிய கூட்டத்தில், மீண்டும் மீண்டும் தேர்வு செய்து எடுத்த பி73, கதிருக்குப் பதினாறு, பதினெட்டு வரிசை மணி தரும். அதனால் தாயாக வைத்து நேரடி இருவழிக் கலப்பு செய்ய முடிந்தது. தந்தையாக எம்ஓ17 என்ற இன்னொரு இன்பிரெட் (பி.ஐ. 558532) நல்ல இணை, அதன் கதிர் ஒல்லி, மணி வரிசையும் குறைவு, ஆகவே இடம் மாற்றிப் போட வேண்டாம். தந்தை வரிசையைச் சில நாள் இடைவெளியில் இரண்டு தடவையாக விதைத்தால், பட்டுக்கு மகரந்தம் தட்டாது.

அந்தக் கலப்பு விதையின் விளைச்சலிலிருந்து மறுபடி விதை எடுத்தால் கிடைத்த வீரியத்தில் பாதி போய்விடும். உதாரணத்துக்கு ஒட்டு 30 மூட்டை, பெற்றோர் சராசரி 10 என்றால், அடுத்த தலைமுறையில் 20தான் எதிர்பார்க்கலாம்.

தமிழ்நாட்டுக்கு ஒரு எச்சரிக்கை. இது மிதவெப்ப நாட்டு வரிசை. நம் குறுகிய பகல் நீளத்தில் சீக்கிரம் பூத்து, இன்னும் குட்டையாகவே நின்றுவிடும்; இலைக் கருகலுக்கும் இது எளிதில் இரையாகும். பாடம் நடத்தவும் ஒப்பிடவும் தாராளமாக வாங்கலாம். இங்கே விற்க ஒட்டு உருவாக்குவதென்றால், அடிச்சாம்பல் நோயைத் தாங்கும் வெப்பமண்டல இன்பிரெட்டுகளைக் கேளுங்கள்.