பொட்டென்ஷியல் 80 என்று சொல்லி 1,850 ரூபாயை உருவிவிட்டார்கள், உஷார்

ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை, அதனால் முன்பின்னாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள். பேஸ்பால் அணியை நிர்வகிக்கும் கம்ப்யூட்டர் கேமான அவுட் ஆஃப் தி பார்க் பேஸ்பால் ஆடுகிறவர்களுக்காக இந்தப் பதிவு. கேம் ஃபைல்கள் விற்கும் ஒரு ஆன்லைன் சந்தையில், வீரர்களின் ரேட்டிங்கை எடிட் செய்த லீக் ஃபைல் ஒன்றை 1,850 ரூபாய்க்கு வாங்கினேன். அணி பிட்ஸ்பர்க் பைரேட்ஸ். 1979க்குப் பிறகு, அமெரிக்க பேஸ்பாலின் இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸ் பக்கமே போகாத அணியை ஜெயிக்க வைக்கலாம் என்று ஒரு ஆசை.

"பசங்க எல்லாருக்கும் பொட்டென்ஷியல் 80 போட்டிருக்கேன் அண்ணா. மூணே சீசன்ல எல்லாரும் ஸ்டார்" என்றார் விற்றவர். பொட்டென்ஷியல் என்றால் ஒரு வீரர் வளர்ந்து எட்டக்கூடிய திறமை, அதில் 80தான் உச்சம். இப்போதைய ரேட்டிங் 30தானே காட்டுகிறது என்று கேட்டேன். உடனே வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார்: "அது தானா ஏறும் அண்ணா, நானே இதைத்தான் ஆடுறேன்." கூடவே ஒரு ஷார்ட்ஸ்டாப்பின் (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவே நிற்கும் ஃபீல்டர்) படம், வரிசையாக எல்லாமே 80. கேட்டதற்கெல்லாம் அலுக்காமல் பதில் சொன்னார். அந்தப் பொறுமையைப் பார்த்துத்தான் பணம் அனுப்பினேன்.

மூன்றாவது சீசனில் அந்த ஷார்ட்ஸ்டாப்பின் பொட்டென்ஷியல் 55. நம்பியிருந்த பிட்சர் முழங்கை போய்ப் படுத்துவிட்டார். 28 வயது கேட்சருக்கும் 80 போட்டு வைத்திருக்கிறார் அந்த ஆள்! அந்த வயதுக்கு மேல் அவர் எங்கே வளர? 45இலேயே நிற்கிறார்.

பொட்டென்ஷியல் என்பது பானையின் அளவு, அவ்வளவுதான். அரிசி தனியாகப் போட வேண்டும். வயது, களத்தில் இறங்கும் வாய்ப்பு, கோச், காயம், பையனின் உழைப்புக் குணம் எல்லாம் சேர்ந்துதான் இப்போதைய ரேட்டிங்கை மேலே இழுக்கும். போட்ட 80உம் அப்படியே நிற்காது. டேலன்ட் சேஞ்ச் ரேண்டம்னெஸ் என்று ஒரு செட்டிங் இருக்கிறது. திறமை திடீரென ஏறுவதும் இறங்குவதும் அதைப் பொறுத்தது. திறந்து பார்த்தால் வழக்கமான 100இலேயே கிடக்கிறது. 1,850 ரூபாய் வாங்கியவர் அதைத் தொடக்கூட இல்லை.

கேட்டதற்கு முதலில் "இன்னும் ரெண்டு சீசன் ஓட்டுங்க அண்ணா" என்றார். அடுத்து "உங்க கோச் சரியில்ல". அப்புறம் நீல டிக் மட்டும் விழுந்தது, பதில் இல்லை. சந்தையின் உதவிப் பிரிவோ, டவுன்லோட் ஆன ஃபைலுக்குப் பணம் திரும்பாது, விற்றவரிடமே பேசுங்கள் என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. அவர்தான் பேசவே மாட்டேன் என்கிறாரே! 1,850 ரூபாய், சார்.

எப்படித் தப்பிப்பது என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. காசு கொடுத்து எடிட் ஃபைல் வாங்காதீர்கள். கேமிலேயே இருக்கும் கமிஷனர் மோடை (வீரர்களின் ரேட்டிங்கை மாற்ற விடும் வசதி) ஆன் செய்தால் நீங்களே இலவசமாக மாற்றலாம். பொட்டென்ஷியலை மட்டும் ஏற்றாமல் இப்போதைய ரேட்டிங்கையும் கொஞ்சம் ஏற்றுங்கள். மாற்றும் முன் ஃபைலை நகல் எடுத்து வையுங்கள். அந்த ஆள் இப்போது வேறு பெயரில் கால்பந்து மேனேஜர் கேமுக்கும் ஃபைல் விற்கிறார், விலை அதே 1,850.