சேமலாப நிதி கைக்கு வந்தவர்கள் கவனத்திற்கு: ஒரு நீலக் கோப்பின் கதை

முல்லைத்தீவு வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போன இடத்தில் அந்த நீலக் கோப்பை மறுபடி கண்டேன். இந்த முறை அது ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியையின் மடியில் இருந்தது, பக்கத்தில் அதை எனக்கு முன்பு தந்த அவன். வெட்கத்தை விட்டு இதை எழுதுவது அதனால்தான்.

கிளிநொச்சிப் பக்கம் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் எழுதுவினைஞராக இருந்தவள் நான். அரச ஓய்வூதியம் கிடையாது. சேமலாப நிதிக்குப் பதிந்த பி அட்டையில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர். இடப்பெயர்வில் காகிதமெல்லாம் போனதால் தொழில் அலுவலகத்துக்கு நடையாய் நடந்து, 2024இல் ஊழியர் சேமலாப நிதியாக 28 இலட்சம் ரூபாய் பெற்றேன். சாகும்வரை அதுதான்.

பணம் வந்த கிழமையே அவன் வந்தான். தங்கையின் சம்பந்தி வீட்டுப் பையன். தன்னை நிதித் திட்ட ஆலோசகர் என்றான். "மாமி, வங்கியில் போட்டால் காசு தூங்கும்" என்றான். 25,000 ரூபாய் வாங்கிக்கொண்டு நீலக் கோப்பில் இருபது பக்கத் திட்டம் ஒன்று தந்தான். ஆங்கிலத்தில், வண்ண வண்ண வரைபடங்களோடு. அவன் காட்டிய இடங்களில் கையெழுத்திட்டேன். ஐந்து இலட்சத்தை முதலீடு என்று கட்டினேன். மீதியை வங்கியில் வைத்தேன்.

அடுத்த ஆண்டு கடிதம் வந்தது: இரண்டாவது கட்டுப்பணம் ஐந்து இலட்சம். அப்போதுதான் புரிந்தது, நான் வாங்கியது ஆயுள் காப்புறுதி. பத்து ஆண்டுகள் கட்ட வேண்டும். "வட்டியிலிருந்து கட்டுங்கள் மாமி" என்றான். மீதியை 23 இலட்சம் என்றே வைத்தாலும், எட்டு வீத வட்டிக்கு ஆண்டுக்கு 1,84,000 ரூபாய்தான் தரும். அதில் ஐந்து இலட்சம் எப்படிக் கட்டுவது, அரிசிக்கு என்ன செய்வது? சங்கத்தில் சதக் கணக்குப் பிசகினால் இரவு தூங்காதவள், என் சொந்தக் கணக்கை ஒருமுறைகூடப் போட்டுப் பார்க்கவில்லை.

காப்புறுதி நிறுவனத்தின் வவுனியாக் கிளையில் மரியாதையாகத்தான் பேசினார்கள். மூன்று ஆண்டு முழுதாகக் கட்டினால்தான் சரணடைவுப் பெறுமதி, அதாவது இடையில் நிறுத்தினால் திரும்பக் கிடைக்கும் பணம், உண்டாம். கட்டுவதை நிறுத்திவிட்டேன். ஐந்து இலட்சம் போனது போனதுதான்.

நிறுவனம் போலியில்லை, உரிமம் உள்ளது. சீட்டுக்காரன் ஓடிவிட்டான் என்றால் ஊரே பேசும். இது சட்டப்படி நடந்ததால் என்னைத்தான் பேசுகிறது. ஆயுள் காப்புறுதியில் முகவருக்கு முதல் ஆண்டுக் கட்டுப்பணத்தில்தான் தரகு கூடுதல் என்பதைப் பிறகு அறிந்தேன். அந்த இருபது பக்கத்திலும் அரசு நம்மிடம் கடன் வாங்கத் தரும் திறைசேரி உண்டியல் என்ற சொல்லே இல்லாததன் காரணமும் விளங்கியது. அதை விற்றால் அவனுக்கு என்ன கிடைக்கும்?

ஆலோசகரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பணத்தைத் தொடாமல், கூலியை என்னிடம் மட்டும் வாங்கி வழிசொல்லும் ஒருவர் இருந்தால் இன்றும் போவேன். இந்தப் பக்கத்தில் அப்படி ஒருவரை நான் காணவில்லை. உங்களிடம் வருபவரிடம், நான் கையெழுத்திட்டால் யார் உனக்கு எவ்வளவு தருவார்கள் என்று முதலில் கேளுங்கள். எழுத்தில் கேளுங்கள், தமிழில். சொந்தக்காரன் என்றால் இரண்டு தரம் கேளுங்கள்.

மீதிப் பணத்தை மூன்று வங்கிகளில் பிரித்து வைத்திருக்கிறேன். வங்கி முறிந்தால், ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு 11 இலட்சம் வரைதான் வைப்புக் காப்புறுதி உண்டு. இதைச் சொன்னது ஆலோசகரல்ல, வங்கியில் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஒரு கடைக்காரர். அவர் கூலி கேட்கவில்லை.

பொங்கலன்று அந்த ஆசிரியையிடம் இதைச் சொல்ல எழுந்தேன். அதற்குள் அவன் "மாமி, சுகமோ?" என்று குறுக்கே வந்துவிட்டான்.