யார்க்‌ஷயர் சிலேட்டுக் கல் தொட்டி: பல வருடப் புழக்கத்துக்குப் பிறகு

வட இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் ஒரு சின்னப் பழைய ப்ரூவரியில், அதாவது பீர் தயாரிக்கும் ஆலையில், வேலை செய்கிறேன். எங்களிடம் அடி கூம்பாக இருக்கும் ஸ்டீல் டேங்குகளும் உண்டு, சிலேட்டுப் பலகைகளை இரும்புக் கம்பிகளால் இறுக்கிக் கட்டிய பழைய சதுரத் தொட்டிகளும் உண்டு. பல வருடமாக இரண்டிலும் மாறி மாறி ஏல் வகை பீர் புளிக்க வைத்து வருகிறேன். எனக்குக் கல் தொட்டிதான் பிடிக்கும். ஆனால் பொதுவாகச் சொல்லப்படும் காரணத்துக்காக இல்லை.

முதலில் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். தொட்டிக்குக் கீழ், மேல் என்று இரண்டு அறை. நடுவே உள்ள கல் தளத்தில் ஆள் இறங்கும் அளவுக்கு ஒரு வட்டத் துவாரம், அதைச் சுற்றி ஒரு சாண் உயரத்துக்குள் ஒரு விளிம்பு. ஆறவைத்த மால்ட் (முளைகட்டிய தானியம்) சாற்றைக் கீழறையில் நிரப்பி ஈஸ்ட் சேர்க்கிறோம். புளிப்பு வேகம் பிடித்ததும் பால் பொங்குவது போல நுரை துவாரம் வழியாக ஏறி, விளிம்பைத் தாண்டி மேல்தளத்தில் பரவும். நுரையோடு வந்த பீர் தளத்திலிருக்கும் குழாய் வழியே கீழே திரும்பிவிடும். ஈஸ்ட் மட்டும் விளிம்புக்கு வெளியே தங்கிவிடும்.

இந்தத் தொட்டிக்கென்றே வளர்ந்த ஈஸ்ட் சீக்கிரம் திரண்டுகொள்ளும் குணம் உள்ளது. சும்மா விட்டால் சர்க்கரை பாதி மிச்சமிருக்கும்போதே ஒதுங்கிவிடும். அதனால் சில மணி நேரத்துக்கு ஒரு முறை அடியிலிருந்து பீரை பம்ப் செய்து மேல்தளத்தில் அகலமாகத் தெளித்து, ஈஸ்ட்டைக் கலக்கி மறுபடி வேலைக்கு இறக்குகிறோம். இரவு ஷிஃப்ட் என்றால் தூக்கம் போச்சு. அப்புறம் வழிப்பது. முதலில் வரும் நுரை பழுப்பாக, ஹாப் என்ற கசப்புப் பூவின் பிசினும் கசடுமாக ஒட்டும். கையில் பட்டால் கசப்பு வாடை நாள் முழுக்கப் போகாது. அதை வழித்து எறிந்துவிட வேண்டும். பின்னால் வருவது வெளிர் மஞ்சளில் கெட்டியாக, பழ வாசனையோடு இருக்கும். அதுதான் அடுத்த பாட்சுக்கு விதை. ஸ்டீல் டேங்கின் அடியில் எடுக்கும் ஈஸ்ட்டைச் சில தலைமுறைக்குள் மாற்றிவிடுகிறோம். மேலே வழித்த ஈஸ்ட் அதைவிட மிக நீண்ட காலம் உடம்பு கெடாமல் ஓடுகிறது. இந்தத் தொட்டியின் பெரிய வரம் இதுதான் என்பேன்.

கல்தான் ருசி தருகிறது என்று பலர் நம்புகிறார்கள். நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். சிலேட்டு எதையும் உறிஞ்சாது, பீரின் அமிலத்துக்குக் கரையாது. அதனால்தான் அந்தக் காலத்தில் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். வாயில் நிறைந்து நிற்கும் அந்தக் கனமும் லேசான பழவாசமும் தொட்டியின் வடிவத்தாலும், ஓயாத கலக்கலாலும், அதில் பழகிய ஈஸ்ட்டாலும் வருவது. 1992-ல் மாஷமில் பால் தீக்ஸ்டன் பிளாக் ஷீப் ப்ரூவரியைத் தொடங்கியபோது, பழைய சிலேட்டுத் தொட்டிகளை வாங்கி வைத்தார். பிற்பாடு அதே அமைப்பை வட்டமான ஸ்டீலில் செய்தும் அங்கே பயன்படுத்தினார்கள். டாட்காஸ்டரில் 1758-லிருந்து இருக்கும் சாமுவேல் ஸ்மித் ப்ரூவரி, ஏல் வகைகளுக்குப் பெரும்பாலும் இன்றும் கல்லைத்தான் நம்புகிறது. இரண்டு வழியும் சரிதான். விடக்கூடாதது அந்த மேல்தளத்தை.

சிரமம் என்றால் கழுவுவதுதான். ஸ்டீல் டேங்கில் பொத்தானை அழுத்தினால் உள்ளே சுடு காரக்கரைசல் பீய்ச்சி அதுவே சுத்தமாகிவிடும். கல்லில் ஆள் இறங்கித் தேய்க்க வேண்டும். மூலைகளிலும் பலகைகள் சேரும் இடங்களிலும் பீர்க்கல், அதாவது கால்சியம் ஆக்சலேட், சாம்பல் நிறத்தில் படியும். அதற்குள் கிருமி ஒளிந்துகொண்டால் அடுத்த பாட்ச் கெட்டது. கொதிநீரைத் திடீரென ஊற்றினால் இணைப்புகள் விட்டுப்போகலாம் என்பதால் பொறுமையாகத்தான் சூடேற்றுகிறோம். எங்கள் ஒரு தொட்டி இணைப்பில் கசியத் தொடங்கி, அதைச் சரிசெய்யத் தெரிந்த ஆளைத் தேடிப் பிடிக்கவே நெடுநாள் ஆனது. வெயில் காலத்தில் சூட்டை அடக்க, உள்ளே ஓடும் குளிர்நீர்க் குழாய்ச்சுருள் மட்டுமே துணை.

இறங்குவது பற்றி ஒன்று அழுத்திச் சொல்ல வேண்டும். புளிக்கும்போது உண்டாகும் கார்பன் டை ஆக்சைடு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது. பீர் காலியான பிறகும் கீழறையில் குளம்போலத் தேங்கி நிற்கும். 1767-ல் லீட்ஸுக்கு வந்த விஞ்ஞானி ஜோசப் பிரீஸ்ட்லி, வீட்டுப் பக்கத்து ப்ரூவரியின் தொட்டிகளுக்கு மேல் நெருப்பைக் காட்டி, அது அணைவதைப் பார்த்து ஆராய்ந்தார். அந்த வாயுவைத் தண்ணீரில் கலக்கும் முறையை 1772-ல் எழுதி வெளியிட்டார். சோடா அங்கிருந்து வந்ததுதான். நமக்கு வாயுவை அளக்கும் மீட்டர் இருக்கிறது. காற்றோட்டம் விட்டு, மீட்டர் சரி என்று காட்டி, மேலே ஒருவர் நிற்காமல் யாரும் உள்ளே கால் வைக்கக் கூடாது. இதில் அவசரப்பட்டவர்கள் உயிரை விட்டிருக்கிறார்கள்.

புதிதாகத் தொடங்குபவர் சிலேட்டைத் தேடி அலைய வேண்டாம் என்றே சொல்வேன்; அதே வடிவத்தில் ஸ்டீல் போதும், கழுவுவதும் சுலபம். ஏற்கெனவே கல் தொட்டி இருப்பவர்கள் மட்டும் அதை உடைத்துப்போட அவசரப்பட வேண்டாம். பர்ட்டனில் மார்ஸ்டன்ஸ் ப்ரூவரி, பீர் புளிக்க வைக்கும் தன் பழைய ஓக் பீப்பாய் வரிசைகளை 2024-ல் நிறுத்தியது. ஒரு வரிசையை பேக்வெல்லின் தார்ன்பிரிட்ஜ் ப்ரூவரி எடுத்துக்கொண்டதால் அந்த முறை இன்னும் ஓடுகிறது. எங்கள் கசிந்த தொட்டியையும் சரிசெய்து வரிசையில் சேர்த்துவிட்டோம். பிட்டர் என்ற கசப்பான ஏல் முழுக்க இப்போது கல்லில். ஸ்டீலில், குளிரில் புளிக்கும் லாகரும் அந்தந்தப் பருவத்துக்கான பீர்களும்.