எபெட்ஸ் ஃபீல்டும் ஃபோர்ப்ஸ் ஃபீல்டும்: இடிக்கப்பட்ட இரு பேஸ்பால் மைதானங்கள்

அமெரிக்காவில் எஃகும் கான்கிரீட்டும் கொண்டு எழுந்த தொடக்ககால பேஸ்பால் மைதானங்களுள், பிட்ஸ்பர்க் நகரின் ஃபோர்ப்ஸ் ஃபீல்டு 1909 ஜூன் 30 அன்றும், புரூக்ளினின் எபெட்ஸ் ஃபீல்டு 1913 ஏப்ரலிலும் திறக்கப்பட்டன. இன்று இரண்டுமே இல்லை. ஆனால் மறைந்த விதம் வேறு.

தெருக்களுக்கு நடுவே நெருக்கிக் கட்டப்பட்ட எபெட்ஸில், பந்தடிப்பவர் நிற்கும் இடத்திலிருந்து வலப்பக்க எல்லை 297 அடியிலேயே முடிந்துவிட்டதால், அங்கே சுவரும் கம்பிவலையுமாக 38 அடி உயரத்துக்குத் தடுப்பு நின்றது. ஃபோர்ப்ஸிலோ இடப்பக்க மையப் பகுதி 457 அடி வரை விரிந்திருந்தது. பந்தடிப் பயிற்சிக்கான வலைக் கூண்டை ஆட்டத்தின்போதும் மைதானத்துக்குள்ளேயே நிறுத்திவைக்கும் அளவுக்கு இடம் தாராளம்.

வரலாற்றுக் கனத்தில் எபெட்ஸுக்கே முதலிடம் தருவேன். கறுப்பின வீரர்களை உயர்மட்ட லீக்குகளிலிருந்து ஒதுக்கிவைத்த நிறவெறித் தடையை உடைத்து ஜாக்கி ராபின்சன் 1947 ஏப்ரல் 15 அன்று களமிறங்கியது அங்கேதான். சாம்பியனைத் தீர்மானிக்கும் உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் நியூயார்க் யாங்கீஸ் அணியை வீழ்த்திய, பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் வீரர் பில் மசரோஸ்கியின் 1960 அக்டோபர் 13 ஹோம் ரன் (பந்தை எல்லைச் சுவருக்கு அப்பால் அனுப்பும் அடி), ஃபோர்ப்ஸின் பெருமை.

எபெட்ஸில் ஆடிவந்த டாட்ஜர்ஸ் அணி 1957க்குப் பின் லாஸ் ஏஞ்சலிஸுக்குப் போய்விட, எபெட்ஸை 1960 பிப்ரவரியில் இடிக்கத் தொடங்கினார்கள். இடிக்கும் இரும்புக் குண்டுக்குப் பேஸ்பால் போலவே வண்ணம் தீட்டியிருந்தார்கள். அது மரியாதையா கேலியா என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை. அங்கே இப்போது அடுக்குமாடிக் குடியிருப்புகள். 1970இல் மூடப்பட்ட ஃபோர்ப்ஸின் மதில் துண்டு இன்றும் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக வளாகத்தில் நிற்கிறது. ஆண்டுதோறும் அக்டோபர் 13 அன்று ரசிகர்கள் அதனருகே கூடி, அந்த ஏழாவது ஆட்டத்தின் வானொலி வர்ணனையை மீண்டும் கேட்கிறார்கள்.