திருகோணமலையில் பழைய வெள்ளிக் காசுகளைத் தரம் பார்க்கும் ஒரு கடை

திருகோணமலைப் பிரதான வீதியை அண்டிய நகைக்கடைகளுக்கு இடையில், பழைய வெள்ளிக் காசுகளைத் தரம் பார்த்து வாங்கி விற்கும் சிறிய கடை ஒன்று உண்டு. பாட்டியின் பெட்டகத்தில் கிடந்த விக்டோரியா ரூபாயை உருக்கும் விலைக்குக் கொடுப்பதற்கு முன் இங்கே ஒரு தடவை காட்டுவது நல்லது. ஆனால், இதே கடையில் காசு வாங்கப் போகிறவர்கள் ஒரு விடயத்தில் மிகவும் விழிப்பாக இருக்க வேண்டும்.

பிரித்தானிய இந்தியாவின் பழைய வெள்ளி ரூபாய் 11.66 கிராம் எடையும், ஆயிரத்தில் 917 பங்கு வெள்ளியும் கொண்டது. 1872இல் இலங்கை ரூபாய், சத முறைக்கு மாறிய பின்னரும் இங்கு தனியாக வெள்ளி ரூபாய் அடிக்கப்படாமல் இந்திய ரூபாயே புழங்கியதால், நம் வீடுகளில் பெரும்பாலும் அதுவே அகப்படுகிறது. இலங்கையின் 50 சதக் காசு 5.83 கிராம். அதில் 1917 வரை 800 பங்கு வெள்ளி இருந்தது. 1919 முதல் அது 550 பங்காகக் குறைந்தது. கடைக்காரர் ஒவ்வொரு காசையும் நிறுக்கிறார். ஐயம் எழுந்தால் நூலில் கட்டி நீருக்குள் தொங்கவிட்டு மறுபடியும் நிறுக்கிறார். நல்ல ரூபாய் நீரில் ஏறத்தாழ 1.13 கிராம் குறைந்து காட்டும். பித்தளைக்கு வெள்ளி பூசிய போலி அதைவிடக் கூடுதலாகக் குறையும்.

தேய்மானத்தைக் கணிப்பதில்தான் அவருடைய திறமை தெரிகிறது. “முகத்தைப் பார்த்து மயங்காதேங்கோ தம்பி, காதுக்கு மேல முடியைப் பாருங்கோ” என்று சொல்லி, பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் லென்ஸை என் கையில் தந்தார். விக்டோரியாவின் அந்த முடிக் கற்றைகள் இழை இழையாகப் பிரிந்து தெரிந்தால் காசு மிகச் சிறிதே தேய்ந்தது என்னும் எக்ஸ்ட்ரீம்லி ஃபைன் தரத்தை நெருங்குகிறது; அவை ஒன்றோடொன்று கலந்து, கிரீடத்தின் கற்களும் மேலாடையின் பூவேலையும் மழுங்கியிருந்தால், நன்றாகவே தேய்ந்தது என்னும் ஃபைன் தரத்துக்கு இறங்கிவிடுகிறது. ஐந்தாம் ஜோர்ஜ் ரூபாயில் அவர் முதலில் தேடுவது அங்கியின் மேல் கிடக்கும் மாலையிலுள்ள சிறு யானையை. 1911ஆம் ஆண்டுக் காசில் அந்த யானையின் துதிக்கை குட்டையாக அமைந்து பன்றிபோலத் தோன்றியதால் எதிர்ப்புக் கிளம்பி, அடுத்த ஆண்டே உருவம் திருத்தப்பட்டது. ஆகவே, ஓராண்டு மட்டுமே வந்த அந்த 1911ஆம் ஆண்டுக் காசைக் கண்டதும் அவர் தேய்மானத்தை இரட்டிப்புக் கவனத்தோடு பார்ப்பது நியாயமே.

நம் பெண்கள் காசைப் பதக்கமாகக் கோத்து அணிந்த வழக்கத்தால், பல காசுகளின் மேல் விளிம்பில் பற்றாசு வைத்து அராவிய தடம் இருக்கும். என் முன்னிலையில் ஒருவர் கொண்டு வந்த காசில் அதை விரல் நுனியால் தடவியே கண்டுபிடித்து விலையைக் குறைத்தார். கடலில் கிடந்து அரிக்கப்பட்டவற்றுக்குத் தரமே சொல்லாமல் தனிப் பெட்டியில் வைத்திருக்கிறார். கோணேசர் மலையடியில் 1956இல் சுழியோடிய அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கின் தோழர் மைக் வில்சன், 1961இல் தென்கடலின் கிரேட் பாசஸ் பாறைத்திட்டருகே மூழ்கிய கப்பலில் கண்ட சூரத் வெள்ளி ரூபாய்கள் ஒட்டிக் கட்டிகளாக இறுகிக் கிடந்ததை அறிந்தவர்களுக்கு, இந்தத் தயக்கத்தின் காரணம் விளங்கும்.

குறை முன்தட்டில் இருக்கிறது. அங்கே பளபளக்கும் காசுகள் ‘மின்ட்’ (அச்சிலிருந்து வந்தபடியே தேயாதது) என்ற குறிப்போடு, கருமை படிந்த காசுகளைவிடக் கூடிய விலையில் அடுக்கப்பட்டுள்ளன. அச்சிலிருந்து வந்த இயல்பான ஒளி, காசை விளக்கின் கீழ் சாய்த்துத் திருப்பும்போது ஆரக்கால்களாகச் சுழன்று வரும். நான் எடுத்துப் பார்த்த 50 சதத்தில் ஒளி அசையவே இல்லை. அரசரின் கன்னத்துக்குப் பக்கத்து வெற்றிடத்தில் ஒரே திசையில் மயிரிழைக் கீறல்கள் ஓடின. துணியால் தேய்த்த காசு அது. இவ்வாறு கடுமையாகச் சுத்தம் செய்த காசுக்கு என்ஜிசி, பிசிஜிஎஸ் போன்ற, காசுக்குத் தரம் குறிக்கும் நிறுவனங்கள் எழுபது வரையான அளவுகோலில் எண் கொடுப்பதில்லை. பல ஆண்டுகளில் தானாகப் படிந்த கருமை காசின் மேற்பரப்பைக் காட்டிக்கொடுக்கும் சான்று. அதை நீக்கிவிட்டு உயர்ந்த விலை கேட்பதை என்னால் ஏற்க முடியவில்லை. கேட்டபோது, வாங்க வருகிறவர்கள் வெள்ளையாக இருப்பதையே விரும்புகிறார்கள் என்றார்.

விற்பவர்கள் புளியோ திருநீறோ போட்டு விளக்காமல், உள்ளபடியே கொண்டு போக வேண்டும். வாங்குபவர்கள் உள் அலுமாரியிலுள்ள கருத்த காசுகளைக் கேட்டுப் பார்க்க வேண்டும். விலையும் அங்கேதான் நியாயம். கடையில் தரும் மெல்லிய பிவிசி பிளாஸ்டிக் உறை நாளடைவில் பச்சைப் பிசினைக் கக்கும் என்பதால், வீட்டுக்கு வந்ததும் காசைக் கடதாசி உறைக்கு மாற்றிவிடுங்கள்.