உயிர்த்த ஞாயிறுக்குச் சிறுவர் பெட்டி: கஜு முட்டை நன்று, சொக்லேட் முட்டை வேண்டாம்

இவ்வாண்டு ஏப்ரல் 5ஆம் திகதி வந்த உயிர்த்த ஞாயிறுக்காக, யாழ்ப்பாண நகரை அண்டியுள்ள ஒரு சிறிய வெதுப்பகத்திடம் சிறுவர் பெட்டி ஒன்றை முன்கூட்டியே சொல்லி வாங்கினோம். விலை 4,200 ரூபா. பெட்டிக்குள் சிலுவைப் பணிஸ் ஆறு, கஜுவில் செய்த சிறு முட்டைகள் பன்னிரண்டு, உள்ளீடற்ற பெரிய சொக்லேட் முட்டை ஒன்று, அவித்த முட்டைகளுக்குச் சாயமூட்டும் பொருள்கள், இனிப்புகள் அடைத்த பிளாஸ்ரிக் முட்டைகள் பத்து, ஒரு துண்டுப் பிரசுரம் ஆகியவை இருக்கும் என்றார்கள். எங்கள் வீட்டில் ஏழு வயது மகளும் நான்கு வயது மகனும் ஒன்றரை வயதுக் கைக்குழந்தையும் இருப்பதால், இந்த மூன்று வெவ்வேறு வயதுப் பிள்ளைகளிடமும் இந்தப் பெட்டி எப்படி நடந்துகொண்டது என்பதைச் சொல்ல முடியும். வெதுப்பகத்தின் பெயரை வேண்டுமென்றே தவிர்க்கிறேன். குறையைச் சொன்னபோது அவர்கள் மரியாதையாக நடந்துகொண்டார்கள்; அத்துடன், எந்தக் கடையில் வாங்கினாலும் எதைக் கேட்டு வாங்குவது என்பதே இளம் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்குப் பயன்படும்.

இப்படியொரு பெட்டி தேவைதானா என்று அம்மா கேட்டார். அவருடைய கேள்வியில் நியாயம் இருக்கிறது. நான் சிறுமியாக இருந்த காலத்தில் குருநகரில் எங்களுக்குப் பெருநாள் என்பது சனி இரவுத் திருவிழிப்புத்தான். ஆலய முற்றத்தில் புதுத் தீ மூட்டி, அதிலிருந்து பாஸ்காத் திரி என்ற பெரிய மெழுகுதிரியை ஏற்றி, அந்தச் சுடர் ஒவ்வொருவர் கையிலுள்ள மெழுகுதிரிக்கும் பரவ, இருண்டு கிடந்த கோயில் மெல்ல வெளிச்சமாவதையும், பெரிய வியாழன் இரவிலிருந்து ஓய்ந்திருந்த மணிகள் 'உன்னதங்களிலே' என்ற புகழ்ப்பாடல் தொடங்கியதும் ஒருமித்து அடிப்பதையும் விடப் பெரிய கொண்டாட்டம் எங்களுக்கு இருக்கவில்லை. மறுநாள் தவக்காலம் முழுவதும் வீட்டுக்குள் வராத ஆட்டிறைச்சி, கறியாக வரும். ஆனால் நள்ளிரவை நெருங்கும் அந்தத் திருவிழிப்பில் என் பிள்ளைகள் முதல் வாசகத்திலேயே தோளில் சாய்ந்துவிடுகிறார்கள். பெரியவர்களின் பெருநாள் இரவிலே முடிந்துவிட, ஞாயிறு காலையில் கண்விழிக்கும் பிள்ளைகளுக்கு அலுத்துப்போன பெற்றோரைத் தவிர வேறொன்றும் எஞ்சுவதில்லை. அந்தக் காலைக்காகவே பெட்டியை வாங்கினேன்.

பணிஸ் மட்டும் பெரிய வெள்ளி காலையிலேயே தனியாக வந்து சேர்ந்தது. கறுவாவும் சாதிக்காயும் அளவோடு சேர்த்து, பிளம்ஸை நிறையப் போட்டு, மேலே சிலுவையைச் சீனிப் பாகில் கீறாமல் மாக்கரைசலில் இட்டுச் சுட்டிருந்தார்கள். இப்பணிசைச் செய்யும் வழமையான முறை அதுதான். இது ஆங்கிலேயரிடமிருந்து வந்த பண்டம். எங்கள் வீட்டில் அன்று ஒருவேளைச் சாப்பாடும் கஞ்சியும் என்பதால் பெரியவர்கள் அதைத் தொடவில்லை. ஒறுத்தல் கடமையில்லாத மூவரும் ஆறையும் மதியத்துக்குள் முடித்தார்கள்.

கஜு முட்டைகளைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். மாசிப்பான் என்று கொழும்பு வெதுப்பகங்களில் விற்கும் பண்டத்தின் நம் நாட்டு வடிவம் இது. ஐரோப்பாவில் பாதாமை அரைத்துச் செய்வதை இங்கே கஜுவில் செய்கிறார்கள். பல இடங்களில் கஜுவைக் குறைத்து ஐசிங் சீனியைக் கூட்டிவிடுவதால் வாயில் இட்டதும் பல் கூசும். நிறம் மட்டும் கண்ணைப் பறிக்கும். இந்த வெதுப்பகத்தில் கஜுவை மிக மாவாக அரைக்காமல் சற்றுக் கொரகொரப்பாகவே விட்டிருந்தார்கள். கடித்தபோது முதலில் கஜுவின் நெய்ப்பும் பிறகு பன்னீரின் மெல்லிய வாசனையும் வந்தன. இனிப்பு அவற்றுக்குப் பின்னால்தான் வந்தது. ஒவ்வொன்றும் காடை முட்டையளவு இருந்தது. கையால் உருட்டியவை என்பதால் இரண்டு முட்டைகள் ஒரே வடிவில் இல்லை. புள்ளிகளைத் தூரிகையால் தெறித்திருந்தார்கள். மகள் ஒன்றை எடுத்து வெயிலுக்குப் பிடித்து, இதைப் பறவை இட்டதா, மனிதர் செய்தாரா என்று நெடுநேரம் ஆராய்ந்தாள்.

மாசிப்பான் பிசையும்போது பச்சை முட்டையின் வெள்ளைக்கருவைச் சேர்க்கும் வழக்கம் உண்டு. சிறு பிள்ளைகளுக்குச் சமைக்காத முட்டை ஆகாது என்பதால் முன்கூட்டியே விசாரித்தேன். காய்ச்சிய சீனிப் பாகைத்தான் சேர்க்கிறோம் என்று பதில் வந்தது. குளிர்சாதனப் பெட்டிக்கு வெளியே ஒரு பேணியில் நான்கு நாட்கள் வைத்திருந்தும் அவை இளகவில்லை, புளிக்கவுமில்லை. நம்முடைய வெயிலுக்கு ஏற்ற உயிர்த்த ஞாயிறு இனிப்பு இதுவே. ஒரு குறை உண்டு: பெட்டியின் எந்தப் பக்கத்திலும் கஜு சேர்ந்திருக்கிறது என்ற எச்சரிக்கை அச்சிடப்பட்டிருக்கவில்லை. அயல் வீட்டுப் பிள்ளைகளுக்கும் கைநீட்டிக் கொடுக்கிற பண்டத்தில், கஜு ஒவ்வாத பிள்ளை ஒன்று இருந்தால் விளைவு பாரதூரமாக இருக்கும். ஒரு சிறிய ஒட்டுத்தாள் போதும்.

இனிச் சொக்லேட் முட்டை. பிரித்தானியாவில் முதலாவது உள்ளீடற்ற சொக்லேட் முட்டையை 1873இல் பிறிஸ்ரல் நகரத்து ஃபிறை நிறுவனம் விற்றது. இரண்டு ஆண்டுகள் கழித்துக் கட்பரி தன்னுடையதைக் கொண்டுவந்தது. மார்ச், ஏப்ரல் மாதங்களில் கையுறை போட்டு நடக்கும் ஊரில் பிறந்த பண்டம் அது. கொக்கோ வெண்ணெய் ஏறக்குறைய 34 பாகை செல்சியசில் உருகும். ஏப்ரல் மாதத்து யாழ்ப்பாண நண்பகல் அந்த அளவை ஒட்டித்தான் நிற்கும். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு முன் வரவேண்டிய பெட்டி, பிற்பகல் இரண்டரை மணிக்கு, மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிய மூடாத கூடையில் வந்து சேர்ந்தது. திறந்து பார்த்தபோது முட்டையின் ஒரு பக்கம் உள்வாங்கி, பொன்னிறத் தாள் சொக்லேட்டுடன் ஒட்டியிருந்தது. குளிரூட்டியில் வைத்துக் காப்பாற்றலாம் என்று நினைத்தேன். அது இறுகியதென்னவோ உண்மை. ஆனால் உருகிய கொழுப்பு மீண்டும் உறையும்போது மேற்பரப்பில் சாம்பல் பூத்ததுபோன்ற வெண்படலம் வந்துவிட்டது. உண்பதற்குத் தீங்கில்லை என்றாலும், பூஞ்சணம் பிடித்த முட்டையைப் பிள்ளைக்குக் கொடுக்கிறாயா என்று அம்மா முகத்தைச் சுளித்தார்.

சுவையிலும் அது தேறவில்லை. நாக்கில் கரைந்து மறைய வேண்டியது, மெழுகுபோல அண்ணத்தில் படிந்து நின்றது. கொக்கோ வெண்ணெய்க்குப் பதிலாக வேறு தாவரக் கொழுப்பைச் சேர்த்த கலவைச் சொக்லேட் இப்படித்தான் இருக்கும். அது வெயிலைச் சற்றுத் தாங்கும் என்பதற்காகப் பயன்படுத்தியிருந்தால் காரணம் புரிகிறது; ஆனால் இந்த முட்டை சுவையையும் விட்டு, வெயிலையும் தாங்கவில்லை. பிள்ளைகளுக்கு அதை உடைப்பதுதான் விளையாட்டு. மகன் மாவுக்கட்டையால் ஒரு போடு போட்டான். மகள் ஓட்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "உள்ளுக்கு ஒண்டுமில்லாத முட்டைக்கு ஏன் அம்மா காசு குடுத்தனீங்கள்?" என்று கேட்டாள். "கல்லறையும் வெறுமையாத்தான் இருந்தது பிள்ளை" என்றார் அம்மம்மா. அந்த விளக்கம் பேர்த்திக்குப் போதுமானதாக இருக்கவில்லை; அவள் கடைக்காரரிடம் கேட்கச் சொன்னாள்.

துண்டுப் பிரசுரம் முழுவதும் முயல். முயல் முட்டை கொண்டுவரும் கதை ஜேர்மனியிலிருந்து உலகெங்கும் பரவியது. சிறுவருக்கு அதைச் சொல்வதில் எனக்கு மறுப்பில்லை. ஆனாலும் உயிர்த்த ஞாயிறுக்கென்று தமிழில் அச்சடித்த நான்கு பக்கத்தில், விடியற்காலையில் கல்லறைக்குப் போன பெண்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது விந்தை. பழங்காலத்தில் தவக்காலத்தில் முட்டையும் விலக்கப்பட்டிருந்ததால் கோழிகள் இட்டவை சேர்ந்துபோய்ப் பெருநாளன்று மேசைக்கு வந்தன என்பதையோ, கீழைத் திருச்சபையினர் இன்றும் முட்டையைச் சிவப்பாகச் சாயமிடுகிறார்கள் என்பதையோ எழுதியிருந்தால், முயல் முட்டையிடுமா என்ற நான்கு வயதுக்காரனின் கேள்விக்கு நான் அவ்வளவு தடுமாறியிருக்க மாட்டேன்.

அதே பிரசுரம், முட்டைகளை முதல்நாள் இரவே தோட்டத்தில் ஒளித்துவைக்குமாறு சொல்கிறது. யாழ்ப்பாணத்து வளவில் இரவு முழுவதும் இனிப்பை ஒளித்துவைத்தால் காலையில் எறும்புகள்தாம் அதைக் கண்டுபிடித்திருக்கும். நாங்கள் பூசைக்குப் போய்வந்த பிறகு, காலை எட்டரைக்கு, தேடலுக்குப் பத்து நிமிடம் முன்னதாகச் செவ்வரத்தை அடியிலும் தென்னம் பாத்தியிலும் திண்ணை ஓரத்திலும் வைத்தோம். கிணற்றடியையும் அதைச் சுற்றியுள்ள இடத்தையும் முற்றாக விலக்கினோம். கட்டு உயரமாக இருந்தாலும், தேடும் ஆவேசத்தில் ஓடும் பிள்ளைக்கு அது தெரியாது. வெறுமனே வைத்த கஜு முட்டைகளில் ஒன்றைக் காகம் கொண்டுபோய்விட்டது. அன்றைய காலையில் மகன் அதிகம் சிரித்தது அதற்குத்தான்.

பிளாஸ்ரிக் முட்டைகள் உறுதியானவை, இரண்டாகக் கழன்று மீண்டும் பொருந்துபவை. அடுத்த ஆண்டுக்கும் உதவும். அவற்றுக்குள் அடைத்திருந்த இனிப்புகளைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. கடினமான, வழுவழுப்பான, உருண்டையான மிட்டாய்கள். ஒவ்வொன்றும் சிறு குழந்தையின் தொண்டையை அடைத்துவிடக்கூடிய பருமன். கைக்குழந்தை தவழ்ந்து திரியும் வீட்டுக்கு, 'எல்லா வயதினருக்கும்' என்று எழுதிய பெட்டிக்குள் இது வந்திருக்கக் கூடாது. இரவே எல்லாவற்றையும் கழற்றி மிட்டாய்களை அகற்றி, மூத்த பிள்ளைகள் இருவருக்கும் நாணயங்களையும் சின்னவளுக்கு ஒரு துண்டு வாழைப்பழத்தையும் வைத்தேன். வாழைப்பழம் கண்டெடுத்தவள்தான் மூவரிலும் மகிழ்ச்சியாக இருந்தாள்.

சாயமூட்டும் பொதியில் உணவு நிறத்தூள் மூன்று பொட்டலமும் ஒரு மெழுகுக் குச்சியும் இருந்தன. மெழுகால் கோடிட்டுப் பிறகு சாயத்தில் அமிழ்த்தினால் கோடு மட்டும் வெள்ளையாக எஞ்சும். மகள் சிலுவையும் மீனும் வரைந்தாள். சாயத்தில் சிறிது வினாகிரி விடாவிட்டால் நிறம் ஓட்டில் பிடிக்காது என்பதைப் பிரசுரம் சொல்லவில்லை. மண்ணிற ஓடுள்ள முட்டைகளில் மஞ்சளும் நீலமும் மங்கலாகவே விழுந்தன, ஆகையால் வெள்ளை முட்டைகளாகப் பார்த்து வாங்குவது நல்லது. மகனின் விரல்கள் செவ்வாய்க்கிழமை வரை பச்சையாக இருந்தன. ஒப்புநோக்குவதற்காக வெங்காயத் தோலை அவித்த நீரில் இரண்டு முட்டைகளை ஊறவைத்தோம். செங்கல் நிறத்தில், பொதியில் வந்த எந்த நிறத்தையும் விட அழகாக அவை அமைந்தன, செலவு ஏதுமில்லை. அவித்த முட்டைகளை அலங்காரமாக மேசையில் நாள் முழுவதும் வைத்துவிட்டு மாலையில் பிள்ளைகளுக்கு உரித்துக் கொடுப்பது மட்டும் கூடாது. இந்த வெக்கையில் ஒரு மணி நேரத்துக்குள் உண்ண வேண்டும், இல்லையேல் குளிரூட்டிக்குள் வைக்க வேண்டும்.

பூசை முடிந்தபின் கஜு முட்டைகளை ஆலய முற்றத்தில் மற்றப் பிள்ளைகளுக்கும் பகிரலாம் என்று முதலில் எண்ணியிருந்தேன். 2019 ஏப்ரல் 21இல் ஆலயங்களில் நடந்த குண்டுத் தாக்குதல்களின் பின்னர் உயிர்த்த ஞாயிறன்று பெட்டியும் பையுமாக ஆலயத்துக்குப் போவதற்கு மனம் ஒப்புவதில்லை. வீட்டு வாசலிலேயே அயலுக்குக் கொடுத்தோம்.

திங்கட்கிழமை வெதுப்பகத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். உருகிய முட்டைக்குப் பதிலாக வேறொன்று தருவதாகச் சொன்னார்கள். பெருநாள் கழிந்த பிறகு எதற்கு என்றதும், மறுபேச்சின்றி 900 ரூபாவைத் திருப்பி அனுப்பினார்கள். தாமதத்துக்கு, சனிக்கிழமை பெட்டிகளைக் கொண்டுபோய்க் கொடுக்க ஒருவரே இருந்தார் என்பதைக் காரணமாகச் சொன்னார்கள். வருடத்தில் ஒரு சனிக்கிழமைதான் இந்தப் பெட்டி விற்கப்படுகிறது என்பதை நினைக்கும்போது, அது ஏற்கக்கூடிய காரணமாகப் படவில்லை. மிட்டாய்களைப் பற்றிச் சொன்னபோது மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, அதை மாற்றுவோம் என்றார்கள்.

அடுத்த ஆண்டு உயிர்த்த ஞாயிறு மார்ச் 28இல் வருகிறது. பெட்டியாக வாங்காமல் பணிஸ் பன்னிரண்டும் கஜு முட்டைகள் முப்பதும் தனித்தனியே தருவீர்களா என்று இப்போதே கேட்டுவைத்திருக்கிறேன். தரலாம், ஆனால் இரண்டு கிழமைக்கு முன்பே சொல்ல வேண்டும், கஜு விலைக்கேற்பத் தொகை மாறும் என்றார்கள். பெரிய வெள்ளி காலையில் நானே நேரில் போய் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறேன்.